மருந்து அறையும் வேப்ப நிழலும்

(சிவகாசியில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற சித்திரையில் இந்த வட்டாரத்து ஆலை ஒன்றில் நடந்த சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

பிற்பகல் இரண்டு மணி. சரம் பின்னுகிற பெண்கள் ஆறு பேர் அறையை விட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் சாக்கை விரித்துப் பின்னிக் கொண்டிருந்தார்கள். போர்மேன் வந்தார். "மரத்தடியில் வேலை செய்வது குற்றம் என்று தெரியாதா? அதிகாரி கண்டால் லைசென்ஸ் போய்விடும்" என்று சத்தம் போட்டார். அன்று பின்னியதற்குக் கூலி இல்லை என்று எழுதிவிட்டார்கள். நாம் விசாரிக்கப் போனபோது அவர்களில் ஒரு அம்மாள் சொன்னார்: "உள்ள இருந்தா உசுரு போகுது அண்ணாச்சி, வெளிய வந்தா சம்பளம் போகுது. நாங்க எங்கதான் உக்காருறது?"

போர்மேன் சொன்ன சட்டம் பொய்யல்ல. ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து, அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம் என்று விதி இருக்கிறது. அனுமதி பெற்ற அறைக்கு வெளியே பட்டாசு வேலை கூடாது. விபத்து நடந்து அதிகாரிகள் சோதனைக்குக் கிளம்பும்போதெல்லாம் 'மரத்தடியில் வேலை' என்ற வார்த்தை பத்திரிகையில் வருவதைப் பார்க்கிறோம். அது வெறும் காகிதக் குற்றமல்ல. 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் பறிகொடுத்தோம். விதி தளர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆகவே மரத்தடி வேலையை நாம் ஆதரிக்க முடியாது. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது அதே மரத்தடியில் நிர்வாகமே ஆளை உட்கார வைக்கிற ஆலைகளும் உண்டு. அப்போது மட்டும் மரம் குற்றவாளியாகத் தெரிவதில்லை. அது வேறு கதை.

ஆனால் அந்த அம்மாள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. எங்கே உட்காருவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் ஆயுள் முழுவதையும் செலவிட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். கூலி உயர்வைப் பேச வேண்டிய கூட்டத்தில் வெள்ளைக்காரக் கட்டிடக் கலைஞர் ஒருவர் கதை எதற்கு என்று இரண்டு தோழர்கள் கோபித்துக் கொண்டார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கூலிக்கும் வருவோம்.

நாம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள். இந்த விஷயம் நமக்குத் தெரிய வந்தது ஒரு தோழரின் மகளால். அந்தப் பெண் மதுரையில் கட்டிடக் கலை படிக்கிறாள். விடுமுறையில் வந்தபோது தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தாள். வெப்ப நாடுகளில் சீதோஷ்ணத்துக்கு ஏற்றபடி வீடு கட்டுவது எப்படி என்று சொல்கிற புத்தகம். 1974ல் வெளிவந்தது, இன்றும் நம் நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். எழுதியவர்கள் நால்வர், முதல் பெயர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர். "பெரியப்பா, இவர் பத்து வருஷத்துக்கு மேலே நம்ம நாட்டுல உத்தியோகம் பார்த்தவர்" என்றாள். பாதியை அவள் சொல்லியும் மீதியை அகராதியை வைத்துக் கொண்டும் படித்தோம்.

கோனிக்ஸ்பெர்கர் 1908ல் பெர்லினில் பிறந்த யூதர். இயற்பியல் மேதை மாக்ஸ் பார்ன் அவருக்குத் தாய்மாமன். பெர்லினில் அவருக்குப் பாடம் சொன்னவர்களில் புரூனோ டவுட் என்ற கட்டிடக் கலைஞரும் ஒருவர். இந்த டவுட் யார் என்பது நமக்கு முக்கியம். பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் குதிரை லாட வடிவத்தில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1925ல் வேலை துவங்கியது. கட்டியது தொழிற்சங்கங்களின் ஆதரவு பெற்ற வீடமைப்பு ஸ்தாபனம். வரைந்தவர்களில் முதன்மையானவர் டவுட். நடுவே குளம், சுற்றிலும் மரங்கள், தோட்டங்கள், எல்லா வீட்டுக்கும் வெளிச்சமும் காற்றும். பணக்காரன் பங்களாவுக்கு மட்டும் உரியது என்றிருந்த பசுமையை உழைப்பாளியின் வாசலுக்குக் கொண்டு வந்த காலம் அது. இன்று பெரிய நகரங்களில் 'பசுமைக் கட்டமைப்பு' என்று புதுப் பெயரில் பேசுகிறார்களே, அதன் விதைகளில் ஒன்று அங்கே கிடக்கிறது.

1933ல் கோனிக்ஸ்பெர்கருக்கு ஷிங்கெல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஹிட்லர் பதவிக்கு வந்தான். யூதர் என்பதற்காக இவர் வேலை பறிபோனது. எகிப்துக்குப் போய்ப் பழைய கட்டிடங்களை ஆராயும் குழுவில் சேர்ந்தார். பண்டை எகிப்தியக் கதவுகளைப் பற்றி ஆராய்ச்சி எழுதி டாக்டர் பட்டம் பெற்றார். கதவைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று நாமும் சிரித்தோம். வெப்ப நாட்டில் கதவு எந்தத் திசையில் திறக்கிறது என்பதில் ஓர் உயிரே தொங்கக்கூடும் என்பது பிறகுதான் உறைத்தது. பட்டாசு அறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று நாம் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறோம்!

1939ல் மைசூர் சமஸ்தானத்தின் திவான் மிர்ஸா இஸ்மாயில் அவரை அழைத்துத் தலைமைக் கட்டிடக் கலைஞராக நியமித்தார். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் விமான இயல் துறைக் கட்டிடம் அவர் வேலைதான். 1944-45ல் டாட்டாவின் ஜாம்ஷெட்பூருக்கு நகரத் திட்டம் வரைந்தார். 1948ல் புவனேஸ்வரத்துக்கு வரைந்தார். 20,000 பேருக்கென்று வரைந்த அந்த ஊர் இன்று எப்படிப் பெருத்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அதே 1948ல் நேரு சர்க்கார் அவரை வீடமைப்பு டைரக்டராக்கிற்று. பிரிவினையால் வீடிழந்து வந்த லட்சக்கணக்கான அகதிகளுக்குக் கூரை வேண்டும். தொழிற்சாலையில் சுவர்களை வார்த்து, லாரியில் ஏற்றிப் போய் மாட்டிவிடலாம் என்று டில்லியில் ஓர் ஆலை துவக்கினார்கள். வார்த்த பலகைகள் விரிசல் விட்டன. நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. திட்டம் படுத்தது. 1951ல் அவர் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

பெரிய மனிதர்களின் சரித்திரத்தில் இப்படிப்பட்ட தோல்வியை மறைத்துவிடுவது வழக்கம். நாம் மறைக்க வேண்டியதில்லை. ஏனெனில் அதற்குப் பிறகுதான் அவர் ஆசிரியரானார். அவருடைய உண்மையான வேலை வகுப்பறையில்தான் துவங்குகிறது.

அந்த வகுப்பு உண்டானதற்குக் காரணம் ஒரு மாணவர். நைஜீரியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து கட்டிடக் கலை படித்த அடெடோகுன் அடெயெமி என்ற வாலிபர், 'நீங்கள் சொல்லித் தருவது எங்கள் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் உதவாது' என்று கருதினார். சும்மா முணுமுணுத்துவிட்டு இருக்கவில்லை. அவருடைய முயற்சியால் 1953ல் லண்டனில் வெப்ப நாடுகளின் கட்டிடக் கலை பற்றி ஒரு மாநாடு கூடியது. அடுத்த ஆண்டே லண்டன் கட்டிடக் கலைப் பள்ளியில் அதற்கென்று தனித் துறை பிறந்தது. 1957 முதல் அதன் தலைவர் கோனிக்ஸ்பெர்கர். காலனி ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த ஆங்கிலக் கட்டிடக் கலைஞர்களுக்கு அந்தத் துறையில் செல்வாக்கு இருந்தது என்பதும் உண்மை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்களில் பலர் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் பிள்ளைகள். 1971ல் அந்தத் துறை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறியது. அவர் 1978 வரை கற்பித்தார், 1999ல் காலமானார்.

அவர் கற்பித்தது என்ன? சாரத்தைச் சொல்கிறோம். யந்திரம் இல்லாமல் குளிர்விப்பது எப்படி? சூரியன் எந்த மாதம், எந்த மணிக்கு, எந்தச் சுவரில் விழுகிறது என்று கணக்குப் பார். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார். அதன்பின் சுவரின் திசை, கூரையின் கனம், ஜன்னலின் அளவு, மரத்தின் இடம் எல்லாவற்றையும் தீர்மானி.

இதை நம் ஊருக்கு வைத்துப் பார்ப்போம். சிவகாசி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதரை டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறப்பை ஒட்டி உச்சிப் பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். நிற்கிறவன் நிழல் அவன் காலடியிலேயே ஒளிந்து கொள்ளும். ஆவணியில் மறுபடியும் அப்படி வரும். அப்படியானால் உச்சி வெயில் முழுவதும் விழுவது சுவரிலா? இல்லை, கூரையில். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் கிழக்கு, மேற்குச் சுவர்களை அடிக்கும். ஆகவே நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். மேற்குப் பக்கம் மரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரையைக் காப்பாற்ற வேண்டும். நம் ஆலைகளில் எத்தனை அறைகள் இந்தக் கணக்கைப் பார்த்துக் கட்டப்பட்டவை? மேற்கு வெயிலை மார்பில் வாங்கிக்கொண்டு, ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் கீழே கொதிக்கிற அறைகளை நாமே எண்ணிக் காட்ட முடியும்.

வேறு தொழிலாக இருந்தால் முதலாளி ஒரு மின்விசிறியை மாட்டிவிட்டுக் கடமை தீர்ந்தது என்பார். பட்டாசு மருந்து அறையில் அதுவும் முடியாது. ஒரு பொறி போதும். மருந்துக்கு அருகே விசிறி கூடாது, கம்பி கூடாது. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்து முடிக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆக, இந்த அறையைக் குளிர வைக்க உலகத்தில் இருப்பவை நான்கே: திசை, கூரை, திறப்பு, மரம். கோனிக்ஸ்பெர்கர் சொல்லிக் கொடுத்த வித்தை உலகத்தில் யாருக்காவது கட்டாயத் தேவை என்றால், அது விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலாளிக்குத்தான்!

இன்னொரு விஷயம். அவருடைய துறையைச் சேர்ந்த கார்ல் மஹோனி என்பவர் ஓர் அட்டவணையை உருவாக்கினார். 1971ல் ஐக்கிய நாடுகள் சபை அதை வெளியிட்டது. ஓர் ஊரின் மாதாந்திர உஷ்ணம், ஈரப்பதம், மழை இவற்றைக் கட்டங்களில் நிரப்பினால், வீடுகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது, ஜன்னல் பெரிதா சிறிதா, சுவர் கனமா லேசா என்று கடைசிக் கட்டத்தில் விடை வரும். பத்தாவது படித்தவனும் போட்டுவிடலாம். நாமே அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். இரண்டு இடத்தில் தப்புப் போட்டு அவளிடம் திட்டு வாங்கினோம். அந்த அட்டவணையில் நம்மை நிறுத்திய கட்டம் ஒன்று உண்டு. 'வெளியில் படுக்க இடம் தேவையா?' என்று ஒரு கேள்விக்கே தனிக் கட்டம்! ராத்திரி வீட்டுக்குள் புழுங்கித் தெருவில் கட்டிலைப் போட்டுப் படுக்கிற நம் ஜனங்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று சொல்லுகிற நகரத்துக் கனவான்கள் இந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும்.

1950களில் அவர் ஐக்கிய நாடுகள் சபைக் குழுவில் கானாவுக்குப் போனார். அப்போது அது 'தங்கக் கரை' என்ற பெயரில் பிரிட்டிஷ் காலனி. சுவரை ஜனங்கள் தாங்களே மண்ணில் எழுப்பிக் கொள்கிறார்கள், கூரைக்குத்தான் வழியில்லாமல் நிற்கிறார்கள் என்று அந்தக் குழு கண்டது. கூரைக்கு மட்டும் கடன் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. டில்லியில் சுவர் வார்க்கிற ஆலையோடு தோற்ற மனிதர், கடைசியில் ஏழையின் கூரையில் வந்து நின்றார். நமக்கும் அதே கூரைதான் பிரச்னை. ஆலையிலும் கூரை, வீட்டிலும் கூரை. பகலெல்லாம் ஆலையில் வெந்துவிட்டு வருகிற பெண், தகரக் கூரையின் கீழே இரவில் மறுபடியும் வேகிறாள். உடம்பு ஆறுவதற்கு நேரம் எது?

அவர் காலத்தில் பூமி சூடேறுவதைப் பற்றி இவ்வளவு பேச்சு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011-2020ல் பூமியின் சராசரி உஷ்ணம் 1.1 டிகிரி கூடிவிட்டது என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். ஊருக்குள் தார் ரோடும் கான்கிரீட்டும் சேர்ந்து அதற்கு மேலும் சூட்டைக் கூட்டுகின்றன. இந்தப் புதிய நிலைமையை ஆராய்கிற அடுத்த தலைமுறையில் ஒருவர், நமக்குப் பக்கத்து நாடான இலங்கையிலிருந்து வந்தவர். பெயர் ரோஹின்டன் இம்மானுவேல். கட்டிடக் கலைஞர், மொரட்டுவ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், பிறகு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவரும் சுவீடன் நாட்டு எரிக் ஜோஹான்சனும் கொழும்புத் தெருக்களில் கருவிகளை வைத்து அளந்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். பகலில் மிக மோசமான தெரு எது? அகலமாக, இருபுறமும் தாழ்ந்த கட்டிடங்களோடு, நிழல் மரம் இல்லாமல் கிடக்கிற தெரு. தேவலையான தெரு எது? குறுகலாக, உயர்ந்த கட்டிடங்களோடு, மரம் நிற்கிற தெரு. கடல் காற்று படுகிற இடமும்தான். நமக்குக் கடல் காற்று கிடையாது. ஆனால் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று புளியமரங்களை வரிசையாகச் சாய்க்கிறார்களே, அப்போது அந்த ரோட்டில் நடந்து போகிறவன் எதை இழக்கிறான் என்பதை இந்த ஆராய்ச்சி சொல்கிறது. காருக்குள் குளிர்சாதனம் வைத்துப் போகிறவன் எதையும் இழப்பதில்லை.

கிளாஸ்கோ குளிர் தேசம். அங்கேயும் அவர் கணக்குப் போட்டார். 2015ல் வெளியான ஆராய்ச்சி அது. பசுமைப் பரப்பை இப்போதிருப்பதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூட்டினால், 2050ல் நகரத்தில் கூடுதலாக ஏறும் என்று எதிர்பார்க்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தடுத்துவிடலாம் என்று கண்டார். மரமும் புல்லும் அழகுக்கு வைக்கிற சாமான் அல்ல. சாக்கடை, குடிதண்ணீர்க் குழாய் போல அவையும் ஓர் ஊரின் கட்டுமானம் என்பதுதான் அவருடைய துறையின் வாதம். நம் கண்மாய்களையும் நாம் அந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம். (சீமைக்கருவேலும் நிழல் தருகிறதே என்று ஒரு தோழர் கேட்கிறார். அந்த வாதத்தை இன்று வேண்டாம் தோழரே, ராத்திரி வெகு நேரமாகிவிடும்.)

இப்போது கூலிக்கு வருகிறோம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2030ல் வெப்பத்தினால் இந்தியாவில் மொத்த வேலை நேரத்தில் 5.8 சதவீதம் வீணாகும். அது 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று அது கணக்கிட்டது. மாதச் சம்பளக்காரருக்கு நேரம் வீணானால் நஷ்டம் நிர்வாகத்துக்கு. பீஸ் ரேட்டுக்குச் சரம் பின்னுகிறவளுக்கு? குழாய் உருட்டுகிறவளுக்கு? தீப்பெட்டி அடைக்கிறவளுக்கு? அவள் தலைசுற்றி அரை மணி உட்கார்ந்தால் அந்த அரை மணி அவள் மடியிலிருந்து போகிறது. கூரையில் முதலாளி மிச்சம் பிடித்த பணம், வைகாசி மாதம் முழுவதும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலாளியின் கூலியிலிருந்து வசூலாகிறது. நிழல் வேறு, கூலி வேறு என்று கோபித்துக் கொண்ட தோழர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்லிற்று? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13ஆவது பிரிவைப் பாருங்கள். சுவரும் கூரையும் உஷ்ணத்தை இயன்ற அளவு குறைத்து வைக்கும்படியான பொருளில், அப்படிப்பட்ட அமைப்பில் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வெளிச்சுவருக்கு வெள்ளையடிப்பது, கூரையை உயர்த்துவது, நடுவே காற்று இடைவெளி விட்டு இரட்டைக் கூரை போடுவது என்று வழிகளையும் அதிலேயே எழுதியிருந்தார்கள். லண்டன் வகுப்பில் சொன்ன பாடம், அதற்கு முன்பே நம் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது! எழுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பிரிவைக் காட்டிக் கூரைக்கு வெள்ளையடிக்கக் கேட்ட சங்கங்கள் எத்தனை? நாமும் கேட்டதில்லை. விபத்து நஷ்டஈடு, போனஸ், வேலை நாள் என்று ஓடிக்கொண்டே இருந்தோம். இது நம் தவறு, ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதனிடத்தில், 2020ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்துவிட்டது. அதில் காற்றோட்டம், உஷ்ணம் பற்றிய விவரங்களைச் சர்க்கார் செய்யும் விதிகளுக்கு விட்டுவிட்டார்கள். ஆகவே பழைய 13ஆம் பிரிவின் வாசகம் ஒரு சொல்லும் குறையாமல் விதியில் இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். தமிழ்நாடு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று சொன்னது. நல்லது. செத்த பிறகு கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு இருந்தால், இருக்கிறபோதே எத்தனை கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்!

ஆலையில் மரம் எங்கே நடலாம், அறைக்கு எவ்வளவு தூரத்தில், சருகு விழுந்தால் என்ன செய்வது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. சிவகாசியிலேயே வெடிபொருள் துறை அலுவலகம் இருக்கிறது. அந்த நிபுணர்களும் ஒரு கட்டிடக் கலைஞரும் சேர்ந்து சொல்லட்டும். நாம் கேட்பது சிறியது. வேலை அறைக்குள்தான் நடக்க வேண்டும் என்றால், அந்த அறையில் மனிதன் உட்கார முடிய வேண்டும். உச்சி வேளையில் மருந்துக்கு எட்டாத தூரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையோ மர நிழலோ வேண்டும். அங்கே உட்காருகிற நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது.

இதை வெறும் வாய்ப்பேச்சாகக் கொண்டு போனால் சிரிப்பார்கள். ஆகவே ஒரு வேலை. ஒவ்வொருவரும் தாம் வேலை செய்கிற அறையைப் பற்றி நான்கு விவரம் கொண்டுவர வேண்டும். கூரை எது: தளமா, ஓடா, ஆஸ்பெஸ்டாஸா? கதவுகள் எந்தத் திசையில்? காலை பதினோரு மணிக்கு எந்தச் சுவரில் வெயில், மூன்று மணிக்கு எந்தச் சுவரில்? பக்கத்தில் மரம் உண்டென்றால் அதன் நிழல் மூன்று மணிக்கு எங்கே விழுகிறது? அந்தப் பெண் இன்னும் மூன்று வாரம் ஊரில் இருப்பாள். அறை அறையாகப் படம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அறைக்குள் போன், பேனா என்று எதையும் எடுத்துப் போக வேண்டாம். பார்த்து நினைவில் வைத்துக் கொண்டு, ஆலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் காரியாலயத்தில் வந்து சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் நாங்கள் அங்கே இருப்போம்.